மண்ணுக்கு அட்டை மட்டும் போதுமா?

கேள்வி: மண்வள அட்டை தருகிறார்கள், பசுந்தாளுர விதையும் மானியத்தில் கிடைக்கிறது. பிறகும் மண்ணைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்களே, விவசாயி உரத்தைக் குறைத்தால் போதாதா?
– ஒரு வாசகர், தோவாளை வட்டம்

பதில்: போதாது. அட்டையை நான் குறை சொல்லவில்லை. 2015-லிருந்து வருகிறது, தழை, மணி, சாம்பல் சத்து தொடங்கி 12 விஷயங்களைச் சோதித்துச் சொல்கிறது. ஆனால் சோதித்த மண்ணே டிப்பரில் ஏறிப் போய்விட்டால் அப்புறம் அந்த அட்டையை வைத்து என்ன செய்வது?

போன மாசியில், கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்த கையோடு, கல்குளம் பக்கம் ஒரு ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, போயிருந்தேன். ஒரு வயலில் செங்கல் சூளைக்கு மண் கொடுத்திருந்தார்கள், பக்கத்து வயலைவிட இடுப்பளவு பள்ளம். மேல் வயலின் வரப்பு சரிந்து கிடக்கிறது, எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறதாம். "இனி நானும் மண்ணைக் கொடுத்து மட்டமாக்கினால்தான் உண்டு" என்றார் அந்த வயல்காரர். பள்ளத்தில் ஒரு கட்டியை எடுத்து உடைத்தேன். வேர் இல்லை, மண்புழு போன துளை இல்லை, ஓடு மாதிரி உடைந்தது. மேல் வயலில் ஒரு நெல் தாளைப் பிடுங்கினால் ஈர மண் பொலபொலவென்று உதிர்கிறது. ஓரங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும், ஜேசிபிக்கு ஒரு பகல் போதும்.

இதைத் தடுக்க என்ன இருக்கிறது? தண்ணீருக்கு 1974-ல் சட்டம் வந்தது, காட்டுக்கு 1980-ல், காற்றுக்கு 1981-ல். மண்ணுக்கென்று அப்படி மத்தியச் சட்டம் தனியாக ஒன்றும் இல்லை. நம் விதிகளில் சாதாரண மண் ஒரு சிறு கனிமம், அனுமதி வாங்கிக் கட்டணம் கட்டினால் நடைச்சீட்டோடு கொண்டு போகலாம். எத்தனை லோடு என்றுதான் கேட்கிறார்கள், அந்த மேல் ஒரு அடி திரும்ப வருமா என்று கேட்க ஆளில்லை. சாலை மாதிரித் திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய 2024 மார்ச் ஆகிவிட்டது.

களியக்காவிளையைத் தாண்டினால், கேரளத்தில், நெல்வயலைக் காக்க 2008-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள் (2018-ல் திருத்தி அதைத் தளர்த்தியது வேறு வருத்தம்). இங்கே தமிழ்நாட்டில் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவோடு நின்றுவிட்டது. டெல்டாவுக்கு அது வேண்டியதுதான், இரண்டு பருவமழையும் பெய்து சரிவு மண்ணை ஓடைக்கு இழுக்கிற நம் குமரி மாவட்டத்துக்கும் ஒன்று வேண்டும் என்கிறேன்.

உரத்தைச் சொன்னீர்களே, அந்தப் பழியையும் விவசாயி தலையில் போடாதீர்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஏத்தன் வாழைக்கு ஒரு டெம்போ சாணம் இறக்க என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அரசு எதற்கு மானியத்தைக் கொட்டுகிறதோ அதைத்தானே அவர் வாங்குவார்?

நஞ்சையில் மேல்மண் விற்கக்கூடாது, வேறு எங்கே தோண்டினாலும் மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்துத் திரும்பப் போட வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் அனுமதி தரக்கூடாது. இந்த மூன்றையாவது எழுதிய சட்டம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். அந்த மேல் வயல்காரர் முதல் போகமான கன்னிப்பூவுக்கு விதைப்பதா, மண்ணைக் கொடுப்பதா என்று சித்திரைக்குள் முடிவு செய்யப்போவதாகச் சொன்னார். சூளைக்காரர் முன்பணத்தோடு இரண்டு தடவை வந்து போயிருக்கிறார்.