கர்ப்பம் தெரிந்ததும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேட்டிருப்பது இது: ஒரு பெண் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார், கர்ப்பம் உறுதியாகிவிட்டது, நாளையிலிருந்தே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரை இந்த வாரமே பாருங்கள். அதுவரை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். "வயிற்றுப் பிள்ளைக்காரியை மாத்திரை சாப்பிடச் சொல்வதா?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வரட்டும்.

சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. மசக்கையும் சேர்ந்துகொண்டால் எது எதனால் என்றே பிடிபடாது. அதைவிடப் பெரிய ஆபத்து நோய் திரும்புவது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் மருந்தை விட்டவர்களில் 68 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது; தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். அவர்கள் ஏற்கெனவே பலமுறை பாதிக்கப்பட்டவர்கள். முதல் தடவை, அதுவும் லேசாக வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சாகத் தோன்றினால் டாக்டர் தேதிக்குக் காத்திராமல் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இனி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எஸ்சிடலோபிராம் 10 மி.கி.யோடு குளோனாசிபாம் 0.5 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை நம் ஊரில் சர்வசாதாரணம். இரண்டு மருந்து சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. குளோனாசிபாம் வேறு ரகம், பதற்றத்தைத் தணிக்கத் தரும் மருந்து. கடைசி மாதங்களில் தொடர்ந்தால் குழந்தை துவண்டு பிறக்கலாம், பால் குடிக்கத் திணறலாம். நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென விட்டாலோ தாய்க்கு வலிப்பே வரலாம். அதனால் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் எஸ்சிடலோபிராமை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் படிப்படியாகக் குறைக்க முடியும். சேர்ந்த மாத்திரையைப் பாதியாக உடைத்தால் இரண்டுமே குறைந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை தருகிறார்களே, பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில்! முழு அட்டை கேட்டால் முறைப்பு வேறு. முறைத்தால் முறைக்கட்டும், கேட்டு வாங்குங்கள்.

அட்டையில் பராக்செட்டின் என்ற வேறொரு மனச்சோர்வு மருந்தின் பெயர் இருந்தால் டாக்டர் மாற்றக்கூடும். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தைப் பாதிக்குமோ என்ற சந்தேகம் அதன்மேல் உண்டு. வால்புரோயேட் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பிடியுங்கள். அது மனச்சோர்வு மாத்திரையே அல்ல, வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தருவது; குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. அதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரைதான் முதல் தேர்வு. அதற்காக, நன்றாகக் கேட்கும் எஸ்சிடலோபிராமை மாற்றியே ஆகவேண்டும் என்றில்லை.

கடைசி மூன்று மாதத்தில் பழைய அளவு சிலருக்குப் போதாமல் போகும். ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஈரல் மருந்தைக் கரைக்கும் வேகமும் மாறுகிறது. பிரசவம் நெருங்குகிறதே என்று அளவைக் குறைப்பது நல்லதல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் மனச்சோர்வு பாய்ந்து வரும்.

மாமியார் படித்துவிடுவார் என்று பிரசவ ஃபைலில் இந்த மாத்திரையை மறைப்பவர்கள் நிறைய. மறைக்காதீர்கள். இந்த மாத்திரையால் பிரசவ ரத்தப்போக்கு கொஞ்சம் கூடலாம் என்பதால் மகப்பேறு டாக்டருக்குத் தெரிய வேண்டும். இந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறப்பதில் சுமார் மூன்றில் ஒரு குழந்தைக்கு முதல் சில நாள் நடுக்கம், வேகமூச்சு, ஓயாத அழுகை இருக்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். நுரையீரல் ரத்த அழுத்தக் கோளாறு அபூர்வம், ஆயிரம் குழந்தைகளில் 2 பேருக்கு வருவது 3 பேருக்கு என்று ஆகலாம். குழந்தை டாக்டருக்கு விஷயம் தெரிந்தால் முதல் இரண்டு நாள் கூடுதலாகக் கவனிப்பார். தாய்ப்பாலில் சர்ட்ராலின் மிகக் குறைவாகவே போகிறது, எஸ்சிடலோபிராமும் சொற்பம்தான். தாராளமாகப் பால் கொடுக்கலாம்.