வீடு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது?

அடுத்த மாதம் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தனியாகப் போகிறேன், அங்கே நான் தங்கப்போகும் குடும்பம் ஒத்துவராவிட்டால் வருடம் முழுக்க மாட்டிக்கொள்வேனே என்று கேட்டிருந்தீர்கள். மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். முறையான திட்டங்களில் அந்த வீட்டைச் சேராத ஒருவரை உங்களுக்கு உள்ளூர்ப் பொறுப்பாளராகப் போடுவார்கள். அவருடைய எண்ணைக் கிளம்பும் முன்பே வாங்கி, தாளிலும் எழுதி வையுங்கள். வீடு மாற்றிக் கேட்பது தவறே அல்ல. ரோட்டரி சங்கத்தின் நீண்டகால மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் மாணவர்கள் பொதுவாகவே ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களோடு தங்குகிறார்கள்.

பயமாக ஏதாவது நடந்தால் உடனே அந்தப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வெறும் கூச்சம், பேச்சுக் குறைவு என்றால் சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.

அப்புறம், எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், துணி யார் துவைப்பது, இதையெல்லாம் முதல் வாரத்திலேயே அந்த வீட்டாரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.