நிலத்தை அடகு வைக்காதீர்கள், அவள் கேட்பது வேதியியல்

பிளஸ் டூ முடித்த மகளோடு என்னிடம் யோசனை கேட்டு வந்த பெற்றோர் பயந்துபோயிருந்தார்கள். நிலத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடச் சொல்கிறாராம் மாமா. பெண்ணோ பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கேட்கிறாள். பயம் புரிகிறது. ஆனால் அம்மா, இந்த அடகு வேண்டாம். அவள் கேட்காத படிப்புக்குக் குடும்பமே கடன்படுவது நியாயமில்லை.

அவளுக்குப் பிடித்தது எது தெரியுமா? உப்புப் பகுப்பாய்வில் இரும்பைக் கண்டுபிடிக்க பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு ஊற்றினால் வருமே, அந்த அடர்நீலம். அதுதான் பிரஷ்யன் நீலம். உலோக அணுக்களைச் சயனைடு (கார்பன்-நைட்ரஜன் ஜோடி) பாலங்கள் கோத்துக் கட்டிய தொடர் வலை; இதை ஒருங்கிணைவுப் பாலிமர் என்பார்கள். மைனஸ் 267 டிகிரிக்கும் கீழே குளிரவைத்தால் அது காந்தமாகிறது. ஏன் அவ்வளவு குளிர்? அதிலுள்ள இரும்பில் ஒரு பகுதிக்கு, காந்தத்தன்மை தரும் ஜோடி சேராத எலக்ட்ரான் கிடையாது. காந்தத்தன்மையுள்ள மற்ற இரும்புகள் தள்ளித் தள்ளி இருப்பதால் அவற்றுக்கிடையே காந்தப் பிணைப்பு பலவீனம். இரும்பை எடுத்துவிட்டு வனேடியமும் குரோமியமும் வைத்தால்? 1995-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 42 டிகிரி செல்சியஸ் வரை காந்தமாகவே இருந்தது. உலையில் உருக்காமல், சாதாரணக் கரைசலிலிருந்து கிடைத்த காந்தம்! உலோகத்தை மாற்றலாம், நடுவில் சயனைடுக்குப் பதில் கரிம (கார்பன் சார்ந்த) மூலக்கூறை வைக்கலாம், காந்தப் பண்பும் மாறும். இதே குடும்பத்தைச் சேர்ந்த, உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்துக் கட்டிய உலோக-கரிமச் சட்டகங்களுக்குத்தான் 2025-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, வழி என்ன? அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி., கட்டணம் குறைவு. இரண்டாம் ஆண்டிலிருந்தே, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜாம் தேர்வின் பழைய வினாத்தாள்களைப் போடட்டும். அதில் நல்ல ரேங்க் வந்தால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உதவித்தொகையோடு, முதுநிலைப் படிப்பும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023-ல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. படிகம் வளர்ப்பது, எக்ஸ்ரேயில் அமைப்பைக் காண்பது, மிக நுண்ணிய காந்தத்தையும் உணரும் ஸ்குவிட் கருவியில் அளப்பது எல்லாம் கைத்தொழிலாகவே வந்துவிடும். பேட்டரி, வினையூக்கி ஆய்வுகளுக்கும் இந்தக் கை தேவை.

சீக்கிரம் சம்பளம் வராது, அதையும் மறைக்க மாட்டேன். பிஎச்.டி. வரை போனால் பி.எஸ்சி.யையும் சேர்த்து ஒன்பது, பத்து வருஷம்கூட ஆகும். அந்தக் காலத்தில் கல்யாணப் பேச்சை எடுத்து அவளை நெருக்காதீர்கள். அப்புறம், மாமாவிடம் நீங்களே பேசுங்கள். அந்தப் பதிலை அவள் சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.