சமையலுக்கு ஏஐ சாட்பாட் உண்மையில் உதவுகிறதா?

வீட்டுச் சமையலுக்கும், வாரம் முழுக்க என்ன செய்வது என்று திட்டம் போடுவதற்கும் சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றை யாராவது பயன்படுத்துகிறீர்களா, பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பயன்படுத்துகிறேன். பலன் உண்டு, ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் இல்லை. சமையல் குறிப்பு கேட்டால் சுமாராகத்தான் சொல்லும். கணக்குப்பிள்ளை வேலை கொடுத்தால் பிரமாதமாகச் செய்யும்.

குறிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வத்தக்குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டால் இஞ்சி பூண்டு விழுது வதக்கச் சொல்லி, கடைசியில் கரம் மசாலாவும் தூவச் சொன்னது. இணையத்தில் குவிந்து கிடப்பதைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிற கருவி அது. இந்தியச் சமையல் என்றால் அதிகம் எழுதப்பட்டிருப்பது வடக்கத்தி கிரேவிதான். நம் வீட்டுக் குழம்பும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். நமக்குத் தெரிந்த பதார்த்தம் என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவோம். தெரியாத பதார்த்தம் என்றால்தான் சிக்கல்: தப்பையும் அதே தெம்போடு சொல்லும்.

சரி, திட்டம் போடுவதற்கு வருவோம். சும்மா 'ஒரு வாரத்துக்கு மெனு கொடு' என்று கேட்டால் இருபத்தோரு வேளைக்கு இருபத்தோரு தனித்தனிப் பதார்த்தம் கொடுக்கும். எந்த வீட்டில் ஐயா அப்படிச் சமைக்கிறார்கள்? நம் அடுக்களையில் ஒரு வேளை அடுத்த வேளைக்குள் போகும். சனிக்கிழமை அரைத்த மாவு ஞாயிறு இட்லி, திங்கள் தோசை, புளித்த பிறகு புதன்கிழமை பணியாரமோ ஊத்தப்பமோ. மதியச் சாம்பார்தான் ராத்திரி தோசைக்கும். தேங்காய் உடைத்தால் ஒரு மூடி சட்னிக்கு, மறு மூடி பொரியலுக்கோ கூட்டுக்கோ. இந்த ஓட்டம் சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது. சொல்லிவிட்டால் அதை வைத்தே கணக்குப் போடும்.

நான் செய்வது இதுதான். எங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்கிற குழம்பு, பொரியல், டிபன் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அதைச் சாட்பாட்டில் ஒட்டிவிட்டு இப்படிக் கேட்பேன்:

'இந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் வைத்துத் திட்டம் போடு. நாலு பேர். மாவு சனிக்கிழமை அரைப்போம். மதியக் குழம்பு முடிந்தவரை இரவுக்கும் ஆக வேண்டும். செவ்வாயும் வியாழனும் காலையில் அரை மணி நேரம்தான் இருக்கும். பையன் கத்தரிக்காய் தொட மாட்டான். வெள்ளிக்கிழமை சைவம். வீட்டில் அரை முட்டைக்கோஸ், முருங்கைக்காய், ஒரு கட்டு கீரை இருக்கிறது. கீரையை முதலில் தீர்த்துவிடு. கடைசியில் வாங்க வேண்டியதைக் காய்கறிக் கடை, மளிகைக் கடை என்று பிரித்துக் கொடு.'

இதற்கு வரும் பதிலை ஓரிரு இடத்தில் மாற்றினால் போதும். 'நாளைக்கு என்ன செய்வது' என்று ராத்திரி பத்து மணிக்கு யோசிக்கிற வேலை ஒழிந்தது. எனக்குச் சமைப்பதைவிட அதுதான் பெரிய பாரம். அமாவாசை, ஏகாதசி தேதிகளை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், தாறுமாறாகச் சொல்லும். சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து நீங்களே எழுதிக் கொடுங்கள்.

அளவு மாற்றுவதற்கும் நல்லது. அமெரிக்கக் கேக் குறிப்பில் 350 டிகிரி என்று இருந்தால் அது பாரன்ஹீட், நம் ஓவனில் 175 செல்சியஸ் வாக்கில் வைக்க வேண்டும். அவர்கள் ஒரு கப் கிட்டத்தட்ட 240 மில்லி. இதையெல்லாம் நொடியில் மாற்றித் தரும். ஆனால் நாலு பேர் சாம்பாரை இருபது பேருக்கு மாற்றச் சொன்னால் எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கிவிட வாய்ப்பு உண்டு. பருப்புக்கு அது சரி, தாளிக்கிற எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் சரிவராது. குக்கரில் பருப்பை இரட்டிப்பாக்கினாலும் விசிலை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. உள்ளே வெப்பம் எப்படியும் 120 டிகிரி வாக்கில்தான் நிற்கும். ஆவி கட்டத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும்.

நம்பவே கூடாத இடம் ஒன்று உண்டு: உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்பது. 2023 ஆகஸ்டில் நியூசிலாந்தின் பாக் அண்ட் சேவ் சூப்பர் மார்க்கெட் சங்கிலி விட்ட சமையல் சாட்பாட், ஒருவர் வேண்டுமென்றே பிளீச்சையும் அம்மோனியாவையும் பொருள்களாகக் கொடுத்தபோது, நச்சு வாயு வருகிற கலவையை 'பானம்' என்று சிபாரிசு செய்தது. 2024 மே மாதம் கூகுளின் ஏஐ விடை, பீட்சாவில் சீஸ் ஒட்டப் பசை சேர்க்கலாம் என்றது. யாரோ பல வருடம் முன் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் கிண்டலாக எழுதியதை அப்படியே எடுத்துவிட்டது. இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சிரிக்க வைக்காத தப்புகள்தான் ஆபத்து. ராஜ்மாவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் அதிலுள்ள நச்சு வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். 'மெதுவாகச் சூடேறும் பாத்திரத்தில் நேரடியாகப் போடலாம்' என்று எந்தச் சாட்பாட் சொன்னாலும் கேட்காதீர்கள். பிபி இருக்கிறது என்று சொன்னால், சோடியம் குறைந்த உப்பு வாங்கும்படி அது சொல்லக்கூடும். அந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது கெடுதல். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இந்த மாதிரி மாற்றத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், காசு கட்டிச் சந்தா எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் சொன்ன வேலைக்கெல்லாம் இலவசப் பதிப்பே தாராளம். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், நன்றாகப் புரிந்துகொள்கிறது. பிரிட்ஜைப் போட்டோ எடுத்துப் போடுவது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறுகிறது. இருப்பதை நாலு வரி தட்டிவிடுவதே சுலபம்.