பவுல் சுயமுன்னேற்றப் பேச்சாளரா?

கேள்வி: ‘நல்லதே நினை, நல்லதே நடக்கும்’ என்று இன்றைய மேடைப் பேச்சாளர்கள் சொல்வதைத்தானே பவுலும் ‘நம்பிக்கை’ என்று எழுதிவைத்தார்? இதற்கு எதற்கு வேதப் புத்தகம்?

பதில்: பவுல் கிறிஸ்தவத்தின் தொடக்ககால அப்போஸ்தலர்; பைபிளின் புதிய ஏற்பாட்டில் அவருடைய கடிதங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதியிருக்கலாம். கிரேக்க நகரமான தெசலோனிக்கேயில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு, அதாவது தெசலோனிக்கேயருக்கு, எழுதிய முதல் கடிதம் போதும், ஐந்தே அதிகாரம். கி.பி. 50 வாக்கில் எழுதியது. புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழையது அதுதான் என்பார் ஆய்வாளர்களில் பெரும்பாலோர்.

கிறிஸ்து சீக்கிரம் திரும்பி வருவார் என்று அந்த ஊர்ச் சபை காத்திருந்தது. அதற்குள் சிலர் இறந்துபோனார்கள். அவர்கள் கதி என்ன என்று மற்றவர்களுக்குக் கவலை. எழவு விழுந்த வீட்டில் போய் ‘நல்லதே நடக்கும்’ என்று யாராவது சொல்வார்களா? பவுலும் சொல்லவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்றார். அழுகைக்கு அவர் தடை போடவில்லை. இயேசு மரித்து எழுந்தார், ஆகவே இவர்களும் எழுவார்கள்; அவர் வாதம் அவ்வளவுதான். அது நடக்கவில்லை என்றால்? கொரிந்தியருக்கு எழுதும்போது அதையும் அவரே சொல்லிவிடுகிறார்: கிறிஸ்து எழவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண், இம்மைக்காக மட்டும் நம்பியிருந்தால் எல்லா மனிதரிலும் பரிதாபத்துக்குரியவர்கள் நாம்தான். கட்டணம் வாங்கிப் பேசுகிற உங்கள் பேச்சாளர் இப்படி ஒரு வரி சொல்வாரா?

ரோமருக்கு அவர் எழுதிய கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். நம்பினால் கஷ்டம் தீரும் என்பது மேடைப் பேச்சு. பவுலிடம் உபத்திரவம் முதலில் வருகிறது; அதிலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து பரீட்சை (சோதனையில் தேறிய உறுதி), நம்பிக்கை கடைசியில்தான். 8-ஆம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்கிறார். உங்கள் பதவி உயர்வும் சொந்த வீடும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பவுலை மடக்க வேண்டுமானால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. தெசலோனிக்கேயர் கடிதத்திலேயே, கர்த்தர் வரும்வரை ‘உயிரோடிருக்கும் நாம்’ என்று தன்னையும் சேர்த்து எழுதினார். வருகை நிகழவில்லை, பவுல் போய்ச் சேர்ந்தார். ‘வருவார் என்றீர்களே, எங்கே?’ என்று கேலி பேசியவர்களுக்கு புதிய ஏற்பாட்டின் இன்னொரு கடிதமான இரண்டாம் பேதுரு நிருபம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று: கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல. எனக்கு அது பாதி சமாளிப்பாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்தச் சபைகள் கலைந்துபோகவில்லை. ஏன் கலையவில்லை என்று கேட்டு எழுதுங்கள், பக்கம் ஒதுக்குகிறேன்.