ஓஜே யாருக்காகப் போராடினார்?

கேள்வி: ஹைட்டி வரலாற்றைப் படித்தபோது, வின்சென்ட் ஓஜே என்ற கலப்பினத்தவரை உரிமைப் போராளி என்றும், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தவர் என்றும் ஒரே பக்கத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். இரண்டில் எதை நம்புவது?
– வாசகி, சேலம்

பதில்: இரண்டையும் நம்பலாம். ஹைட்டி அப்போது சான்-டொமிங் என்ற பெயரில் பிரான்சின் ஆளுகையில் இருந்தது. 1789 வாக்கில் அங்கே வெள்ளையர் சுமார் 30,000 பேர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பரும் கலப்பினத்தவரும் அதற்குச் சற்றே குறைவு. அடிமைகளோ நான்கரை லட்சத்துக்கும் மேல். அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை, தந்தை பிரெஞ்சுக்காரரே ஆனாலும், அவர் மனம் வைத்து விடுவித்தாலன்றி அடிமைதான். அப்படி விடுதலை பெற்றோருக்குப் பிறவியிலேயே சுதந்திரமாக இருப்போரின் உரிமைகளை பிரான்சின் 1685-ஆம் ஆண்டு அடிமைச் சட்டம் ஏட்டளவில் அளித்திருந்ததால், அவர்களில் பலர் காபித் தோட்டங்களும் அவுரித் தோட்டங்களும் வாங்கி, அவற்றில் உழைக்க அடிமைகளையும் வாங்கினார்கள்.

அவர்கள் செழிக்கச் செழிக்க விதிகளும் இறுகின. வெள்ளையரின் குடும்பப் பெயரைச் சூடக் கூடாது, ஆப்பிரிக்க வழிப் பெயரையே இட வேண்டும் என்று 1773-இல் ஆணை வந்தது. வெள்ளையரைப் போல உடுத்தக் கூடாது என்ற ஆணைகளைக் காட்டிலும் இதுவே எனக்குக் கொடுமையாகப் படுகிறது. தந்தை யாரென்று ஊரே அறிந்திருந்தும் பத்திரத்தில் அந்தப் பெயரை எழுத முடியாது. இத்தனைக்கும் 1779-இல் அமெரிக்க விடுதலைப் போரில், சவன்னா முற்றுகைக்குப் பிரான்சின் கொடியின் கீழ் இவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் சென்றார்கள்.

சவன்னாவில் போரிட்டுத் திரும்பிய ஜான்-பாப்டிஸ்ட் ஷவான், 1790 அக்டோபரில் ஓஜேயுடன் சேர்ந்து கிளர்ச்சி செய்தபோது, அடிமைகளையும் திரட்டுவோம் என்றார். ஓஜே மறுத்துவிட்டார். அவர் கேட்டது, சொத்துள்ள தம்மவருக்கு வாக்குரிமை மட்டுமே. சில நூறு பேருடன் தோற்று, எல்லை தாண்டி, அதே தீவின் கிழக்குப் பகுதியை ஆண்ட ஸ்பானியரிடம் அடைக்கலம் புகுந்த இருவரையும் அவர்கள் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பி ஒப்படைத்தார்கள். 1791 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் லெ காப் நகரில் அவர்களைச் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை முறித்துக் கொன்றார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அடிமைகள் தாமாகவே எழுந்தார்கள். ஓஜே கேட்ட உரிமையை, சுதந்திரமான கறுப்பர், கலப்பினத்தவர் அனைவருக்கும் பிரான்ஸ் 1792 ஏப்ரல் 4 அன்று வழங்கியது. அந்த எழுச்சியை அடக்க அவர்களின் துணை அதற்குத் தேவைப்பட்டது.