முடக்கு வாதத்தோடு இங்கிலாந்து போகும் மன்னார்குடித் தங்கைக்கு

வீட்டுக்காரருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது, சித்திரைக்குள் நீயும் பையனும் கிளம்ப வேண்டும், உனக்கு இரண்டு வருடமாக முடக்கு வாதம். அந்த ஊர்க் குளிர் மூட்டுகளை என்ன பண்ணும், இங்கிலீஷ் மருந்தை விட்டுவிட்டு நாட்டு மருந்தோடு போகலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை, பள்ளிக்கூடம், என்னென்ன சாமான் எடுத்துக்கொள்வது என்று வேறு. வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பதில் சொல்ல அங்கே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், கேட்காமலேயே சொல்வார்கள். நான் மருந்துப் பேச்சை மட்டும் பேசுகிறேன். நானும் இதே நோயோடு போய் இறங்கியவள், வலங்கைமான்காரி. அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

குளிரை முதலில் முடித்துவிடலாம். குளிரில் விறைப்பு கொஞ்சம் கூடத் தெரியும், அவ்வளவுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுச் சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதால் வருகிற நோய் இது. மன்னார்குடி வெயிலில் இருந்தாலும் தாக்கும், மான்செஸ்டர் மழையில் இருந்தாலும் தாக்கும். அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கும். நான் இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். முற்றமும் தாழ்வாரமுமாக இருக்கிற எங்கள் வீட்டில் மார்கழிப் பனியில் எழுந்தால்தான் என் விரல்கள் அதிகம் முரண்டு பிடிக்கின்றன.

நீ பயப்பட வேண்டியது மருந்து விட்டுப்போகிற இடைவெளிக்கு. இங்கே கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ காலையில் டோக்கன் போட்டால் சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிடலாம். அங்கே முதலில் வீட்டுப் பக்கத்து ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிய வேண்டும், அவர் எழுதினால்தான் மூட்டு நிபுணர். கடிதம் போய், முறை வந்து, தேதி கிடைக்க மாதக் கணக்கில் ஆகலாம். எனக்கு ஆனது. கையிலிருந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தபாடில்லை. ஜி.பி.யோ, நிபுணர் சொல்லாமல் இந்த நோய்க்கான முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் எழுத முடியாது என்று கையை விரித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த ஊரில் நடைமுறை அப்படி. ஆனால் பல் தேய்க்கிற பிரஷ்ஷை விரலால் பிடிக்க வராமல், மூடிய கைக்குள் செருகிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டித் தேய்த்த காலைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் கிளம்புவதற்கு முன்பே உன் டாக்டரிடம் ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம் ஒன்று வாங்கு. நோயின் பெயர், எப்போது தொடங்கியது, இந்த நோயைக் காட்டுகிற ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனை முடிவுகள், எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், கடைசியாக எடுத்த கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கட்டும். மூன்று மாத மாத்திரையைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. வலி மாத்திரையில் டிரமடால் இருந்தால் கட்டாயம் மருந்துச் சீட்டும் கூட இருக்க வேண்டும், அங்கே அது கட்டுப்பாட்டு மருந்து. விசாவுக்காக டி.பி. எக்ஸ்ரே எடுத்திருப்பீர்களே, அதில் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள். பின்னால், மாத்திரை போதாதபோது எதிர்ப்புச் சக்தியை அடக்கப் போடுகிற பயாலஜிக் ஊசி வேண்டி வந்தால், உள்ளே டி.பி. ஒளிந்திருக்கிறதா என்று முதலில் அதைத்தான் துருவுவார்கள். போய் இறங்கிய வாரமே ஜி.பி.யிடம் பதிந்துவிடு. விசாவோடு பெரியவர்களுக்கு ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், அதனால் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, இதை உன் வீட்டுக்காரரையும் படிக்கச் சொல். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மருந்து. நம்மூரில் 15 மில்லிகிராம் ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது. அங்கே பெரும்பாலும் 2.5 மில்லிகிராம் மாத்திரைதான் தருவார்கள், அதே அளவுக்கு ஆறு மாத்திரை. பழைய பட்டையையும் புது டப்பாவையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஞாபகப் பிசகில் தினமும் போட்டவர்களுக்கு எலும்பு மஜ்ஜையே படுத்து உயிருக்கு ஆபத்தாகியிருக்கிறது. என் வீட்டுக் காலண்டரில் வெள்ளிக்கிழமை மட்டும் சிவப்பு வட்டம். பக்கவிளைவைக் குறைக்கத் தருகிற ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் தட்டிக்கழிக்காதே. ஆரம்பத்தில் அடிக்கடி கூப்பிடுவார்கள், நிலைப்பட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரண்டாவது குழந்தை யோசனை இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடு. இந்த மருந்து கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும். சொல்லாமல் நீயாக நிறுத்துவதும் கூடாது.

நாட்டு மருந்து விஷயத்துக்கு வருகிறேன். முடக்கத்தான் கீரை தோசை நானும் சுடுகிறேன், ருசிக்காக. ஆனால் "மூன்றே வேளையில் வலி பறந்துவிடும்" என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அந்தப் பொடிக்குள் சில இடங்களில் ஸ்டீராய்டைக் கலந்து விடுகிறார்கள். வலி பறக்கத்தான் செய்யும், முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும். லண்டனில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பொட்டலத்தை ஊரிலிருந்து வரவழைக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர். பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்துவிட்டு, கஷாயப் பொடிக்கு மட்டும் கூரியர் பணம் கட்டுவார்கள்.

நம் ஆட்களைப் பற்றி இன்னும் ஒன்று. "ஜி.பி.யிடம் வியாதியைச் சொல்லாதே, விசாவுக்குச் சிக்கல்" என்று ஒருவராவது உன் காதில் ஓதுவார். நம்பாதே. சொல்லாத வியாதிக்கு எவர் மருந்து தருவார்? இன்னொரு வகை, கோயிலில் பார்த்தால் தக்காளியை நிறுத்து, உருளைக்கிழங்கு வாய்வு என்று பட்டியல் போடுகிறவர்கள். எனக்கு உருப்படியாக வழி காட்டியது லண்டன் ஈஸ்ட்ஹாமில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அவருக்கும் இதே நோய். "டொக்டர் எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டால் நல்லா இருக்கிறன் எண்டு சொல்லிப் போடாதையும்" என்றார். சரியான பேச்சு. உடம்பு வலி என்று பொதுவாகச் சொன்னால் பாராசிட்டமால் எழுதி அனுப்பிவிடுவார்கள். காலையில் எழுந்து கையை மடக்க எத்தனை நேரம் ஆகிறது, எந்தெந்த விரல் கணு வீங்கியிருக்கிறது, இரண்டு கையிலுமா என்று கணக்காகச் சொல். வீங்குகிற அன்றைக்கே போனில் படம் எடுத்து வை. உன் முறை வருகிற நாளில் வீக்கம் நல்ல பிள்ளையாக வற்றியிருக்கும்.

எனக்குத் தீராத ஆத்திரம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறவருக்கு எல்லா மருந்தும் இலவசம். அந்த இலவசப் பட்டியலில் முடக்கு வாதம் இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, 2025 நிலவரப்படி. வருடத்துக்கு 114.50 பவுண்டு முன்கூட்டியே கட்டிவிட்டால் எத்தனை மருந்து வேண்டுமானாலும் வாங்கலாம், அதைக் கட்டிவிடு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் யாருக்குமே கட்டணம் கிடையாது. அந்தப் பக்கம் வேலை கிடைத்தால் விட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல். ஃப்ளூ ஊசி உனக்கு இலவசம், போட்டுக்கொள்.

வீட்டு வேலையெல்லாம் பழகிவிடும். ஈரத் துணியை நான் பிழிவதில்லை. குழாயில் மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்து முழங்கையில் சுற்றி முறுக்கிவிடுவேன். ஊறுகாய் பாட்டில் மூடிக்கு ரப்பர் கையுறை. எழுந்ததும் சிங்கில் வெந்நீர் பிடித்து இரண்டு கையையும் முக்கி, விரலை ஒவ்வொன்றாக மடக்குவேன். மடங்கிய பிறகுதான் காபி. அங்கே ஒரு அலுவலகத்தில் முழு நேர வேலையும் பார்க்கிறேன், டபரா காபியும் ஆற்றுகிறேன்.

எனக்கு இது தொடங்கியதே மார்கழிக் கோலத்தில்தான். போர்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும், வாசல் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு நிற்காமல் கொட்டும், கோடு விட்டு விட்டு விழும். புதுப் பெண்ணுக்குச் சோம்பல் என்றார்கள். அம்மா பயந்துபோய் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி வேண்டிக்கொண்டாள். சாகப் பிழைத்தவர்களைப் பாடையில் கட்டித் தூக்கி வருவார்களே பங்குனியில், அது. விரல் வலிக்குப் பாடையில் படுக்க மாட்டேன் என்று நான் ஒரே பிடிவாதம். அம்மா விடாமல் அம்மனிடம் பேரம் பேசி அதை மாவிளக்காகக் குறைத்துக்கொண்டாள்.

சாமானில் வெண்கலப் பானை, கல் உரல் எல்லாம் வேண்டாம், இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிற பாத்திரமாகப் பார்த்து எடு. குளிருக்குப் போடுகிற கோட்டு அங்கே போய் வாங்கு, பொத்தான் வைத்ததை வாங்காதே, ஜிப்பில் பெரிய வளையம் இருக்க வேண்டும். தை பிறந்த பிறகுதான் நான் திரும்புகிறேன். மன்னார்குடி கும்பகோணம் பஸ் எங்கள் தெரு முனை வழியாகத்தான் போகிறது. டாக்டர் கடிதம் வாங்கியதும் எடுத்துக்கொண்டு வா, என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வராதே, மாத்திரை போட்ட அன்று எனக்குப் பேசத் தெம்பு இருக்காது.